ஒரு நூல் இறக்கம்

கிராஸ்கட் ரோட்டுக் கடையில்
கண்ணாடிக்குள் உட்கார்ந்திருந்தது புதுசு.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
இருபது கிலோ தாங்கும் மேடம் என்றான் பையன்,
தானே தூக்கிப் பார்த்ததுபோல.

கணபதியில் ஒரு பம்பு கம்பெனி.
இன்ஸ்பெக்‌ஷன் மேசை என்னுடையது.
ஸ்டிக்கரில் அச்சடித்த எண்ணை
நம்பாமலிருக்கத்தான் எனக்குச் சம்பளம்.
இருந்தாலும் திருகைத் தளர்த்திப் பார்த்தேன்.
ஊத்துக்குளி வெண்ணெயில் கத்தி போவதுபோல்
சுழன்றது பந்து.
பூட்டினால் பூட்டிய இடத்தில் நின்றது.
விலையைத் தவிர ஒரு குறை சொல்ல முடியவில்லை.

சீட்டுப் பணம் எடுக்க இன்னும் ஏழு மாதம்.
சூலூர் குளத்துக் கூழைக்கடாவுக்கு
என் சீட்டுக் கணக்கு தெரியாது.
என்னிடமிருந்த டிரைபாட் தலையோ
லென்ஸை ஏற்றியதும்
மதிய ஷிப்டு வாட்ச்மேன் மாதிரி
மோவாயை நெஞ்சில் போட்டுத் தூங்கிவிடும்.

சென்னிமலையில் ஒருத்தர் விற்கிறார் என்றார்கள்.
ஆறாயிரம்.
பெருந்துறையில் இறங்கி டவுன் பஸ் பிடித்து
மடியில் மூன்று கிலோ லென்ஸோடு போனேன்.

வெள்ளியங்கிரி ஸ்டுடியோ வாசலிலேயே நின்றார்.
"பதினோரு வருசமுங்க்கா.
எத்தன முகூர்த்தம்னு கணக்கே இல்லீங்.
இப்ப எல்லாம் கிம்பலு, பறக்கற கேமரா.
இது சும்மாதான் கெடக்குதுங்."
கட்டம்போட்ட பெட்ஷீட் துண்டை விரித்தார்.
உள்ளே
கறுத்த, எண்ணெய் வாடையடிக்கிற பால் ஹெட்.

நகத்தால் தடவினேன்.
பந்தில் எட்டணா அகலத்துக்குப்
பூச்சு போய் வெள்ளை தெரிந்தது.
பதினோரு வருசம் ஒரே கோணம்:
மணமேடையின் உயரம்,
தாலி முடிகிற மூன்றாவது முடிச்சு.

எதிர்ச்சாரியில் 'மலர் ஜவுளி' போர்டு.
ர் மேலிருந்த புள்ளியில்
நடுக்கட்டத்தை நிறுத்திப் பூட்டினேன்.
இரண்டு நிமிடம்.
புள்ளி மேலே ஏறிக்கொண்டது,
வெறும் ர-வைப் பார்த்துக்கொண்டிருந்தது லென்ஸ்.

"எறங்குதுங்களே" என்றேன்.
அவர் முகமும் ஒரு நூல் இறங்கியது.
"நாலாயிரத்து ஐந்நூறு குடுங்.
இருங், டீ சொல்லீட்டு வந்தர்றேன்."

அவர் போனதும்
கை சும்மா இருக்கவில்லை.
பந்தைக் கால் சுற்று திருப்பினேன்.
தேயாத பக்கம் கிண்ணத்தில் உட்கார்ந்தது.
மறுபடி புள்ளி, மறுபடி பூட்டு.
ஒரு லாரி போனது.
இரண்டு நிமிடம். நாலு.
ர் ர்-ஆகவே இருந்தது.

அவ்வளவுதான் அதன் நோய்.
ஒரு கால் சுற்று.

டீ கிளாஸ்களோடு அவர் படியேறும் சத்தம் கேட்டது.
பந்தைத் திருப்பினேன்,
பழையபடி,
வெள்ளை தெரிகிற பக்கத்துக்கே.

இஞ்சி போட்ட டீ.
பணத்தை எண்ணாமல் பையில் வைத்தார்.
பெட்ஷீட் துண்டையும் கொடுத்தார்,
"வழியில அடிபட்றப் போவுதுங்."

எட்டாம் நாள், விடிந்தும் விடியாத சூலூர் கரையில்
போன் அடித்தது.
"ஏனுங்க்கா, ரொம்ப எறங்குதுங்ளா?
ஓட்டையத் தலையில கட்டீட்டமேன்னு
தூக்கமே புடிக்கலீங்.
வேண்டாம்னா சொல்லுங்,
பணத்தத் திருப்பிக் குடுத்தர்றேன்."

அக்கரையில் பொதுப்பணித்துறைப் பலகை:
ஆழம் அதிகம், குளிக்காதீர்.
அந்தக் கடைசிப் புள்ளியில்தான்
கால்மணி நேரமாக நின்றுகொண்டிருந்தது நடுக்கட்டம்.

"கொஞ்சமாத்தான் எறங்குதுங்" என்றேன்.
"பரவால்லீங். வெச்சுக்கறேன்."

"பெரிய மனசுங்க்கா உங்களுக்கு."

போனை வைத்த பிறகும்
கண்ணை எடுக்கவில்லை.
கூழைக்கடா ஒன்று குறுக்கே நீந்தி,
பலகையை மறைத்து,
விலகிப் போனது.
புள்ளி அங்கேயே இருந்தது.